இருமுகப் பால்மம்: சொல் விளக்கம்

ஒன்றோடொன்று கலக்காத இரண்டு எண்ணெய்கள் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி ஒரே துளியாகின்றன. அப்படிப்பட்ட துளிகள் நீரில் பரவி நிற்பதே இருமுகப் பால்மம். ஆங்கிலத்தில் ஜேனஸ் எமல்ஷன் என்பார்கள். ஜேனஸ், முன்னும் பின்னும் முகம் கொண்ட ரோமானிய வாயில் கடவுள். இரு பக்கமும் வேறுபட்ட நுண்துகள்களுக்கு 1980களின் இறுதியில் அவர் பெயர் வந்தது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் தெ ஜென் 1991 நோபல் உரையில் பேசியபின் அந்தப் பெயர் பரவியது. எமல்ஷனின் வேர், பால் கறப்பதைக் குறிக்கும் இலத்தீன் சொல். நம் 'பால்மம்' அதற்குக் கச்சிதம். 'இரட்டைப் பால்மம்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அது துளிக்குள் துளி இருக்கும் வேறொரு அமைப்பின் பெயர்.

அந்த வேறுபாடு பெயரோடு நிற்பதில்லை. இரு எண்ணெய்களுக்கும் நீருக்கும் இடையே மூன்று இடைப்பரப்பு இழுவிசைகள் உண்டு, அதாவது இரு திரவங்கள் தொடும் பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசைகள். அவற்றில் எதுவும் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையை மிஞ்சாதவரைதான் இருமுகத் துளி நிலைக்கும். ஓர் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசை மிஞ்சினால், மற்ற எண்ணெய் அதை முழுதாக விழுங்கிவிடும். எண்ணெய்களுக்கு இடையிலானது மிஞ்சினால் துளி இரண்டாகப் பிரியும்.

தயாரிக்க நல்ல இணை, ஹைட்ரோகார்பன் எண்ணெயான ஹெக்சேனும், அதன் ஹைட்ரஜனுக்குப் பதில் ஃபுளூரின் கொண்ட பெர்ஃபுளூரோஹெக்சேனும். சுமார் 22.65 டிகிரி செல்சியசுக்கு மேல் இவை ஒன்றாகக் கலக்கும், கீழே பிரியும். சம கன அளவு எடுத்து, மூடிய குப்பியில், வெந்நீர்த் தொட்டியில் 30–35 டிகிரிக்குச் சூடாக்குங்கள். இரண்டுக்கும் இடையிலான கோடு மறைந்து ஒரே தெளிந்த திரவமாக வேண்டும். ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும், அருகே தீ கூடாது. அதே வெப்பத்தில் இருக்கும் பால்மமாக்கி (துளிகள் ஒன்றுசேராமல் காக்கும் சோப்பு போன்ற பொருள்) நீர்க்கரைசல் 10 பங்கில் எண்ணெய் 1 பங்கு விட்டுச் சில வினாடிகள் குலுக்கி, உடனே ஐஸ் நீரில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு துளியும் தனக்குள்ளேயே பிரியும். அதனால் துளிகளின் அளவு முன்பின் இருந்தாலும் எண்ணெய் விகிதம் எல்லாவற்றிலும் ஒன்றே. கரைசலோ குப்பியோ குளிர்ந்திருந்தால் குலுக்குமுன்பே எண்ணெய்கள் பிரிந்து, அந்த விகிதம் துளிக்குத் துளி மாறும். மூடி தளர்ந்தாலும் சிக்கல்தான்: இரண்டும் விரைவில் ஆவியாகிக் கலவை விகிதத்தையே மாற்றிவிடும்.

பெரும்பாலும் தவறுவது பால்மமாக்கியில். சோடியம் டோடெசைல் சல்ஃபேட் மட்டும் இருந்தால் ஹெக்சேன் வெளியே உறையாகும். ஃபுளூரின் கொண்ட பால்மமாக்கி மட்டும் இருந்தால் உறை தலைகீழாகும். இரண்டையும் 0.1 சதவீதக் கரைசல்களாகத் தனித்தனியே வைத்து, கலக்கும் விகிதத்தைச் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். இருமுகம் தோன்றும் இடைவெளி குறுகலானது, பொறுமையாகத் தேட வேண்டும்.

பார்ப்பதிலும் ஏமாறலாம். பெர்ஃபுளூரோஹெக்சேனின் அடர்த்தி மில்லிலிட்டருக்குச் சுமார் 1.7 கிராம், எனவே எல்லாத் துளிகளிலும் அந்தப் பாதி அடியில் நிற்கும். மேலிருந்து நோக்கினால் வளையத்துக்குள் வளையமாக, உறைத்துளி போலவே தெரியும். நுண்ணோக்கியைக் கிடையாக வைத்துப் பக்கவாட்டில் பார்த்த பிறகே இருமுகம்தானா என்று முடிவு செய்யுங்கள்.