"எனக்கு இனி மன்னிப்பே இல்லை" என்று ஒரு விசுவாசி சொன்னால்

நான் மனநல ஆலோசகர். கிறிஸ்தவ விசுவாசியும்கூட. அதனால் போதகர்கள் சிலரை என்னிடம் அனுப்பிவைப்பதுண்டு. அப்படி வருகிறவர்களில் பலர் வேதாகமத்தின் ஒரே பகுதியைத்தான் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்: எபிரெயர் 6:4-6. பரம ஈவை ருசிபார்த்து, பரிசுத்த ஆவியைப் பெற்று, அதன்பின் மறுதலித்துப்போனவர்களை மனந்திரும்புதலுக்கு மறுபடியும் புதுப்பிக்கிறது "கூடாதகாரியம்" என்று சொல்லும் வசனங்கள். "அது என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது" என்பார்கள். ஒரு பெண் அந்த அதிகாரம் தப்பித்தவறிக்கூடக் கண்ணில் படக்கூடாது என்று அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருந்தார். பின் துருப்பிடித்து, சுற்றிலும் காகிதம் பழுப்பேறியிருந்தது. அவ்வளவு காலமாக அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. (ஆலோசனைக்கு வந்தவர்களை யாரும் அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

விழுந்த விசுவாசி மனந்திரும்பி வரலாமா? வரலாம். இதைத் தயங்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த வசனத்தை மழுப்பிவிட்டுச் சொல்லவில்லை.

எபிரெயர் நிருபம், பாடுகளுக்குப் பயந்து கிறிஸ்துவை விட்டு விலகிவிடலாமா என்று தடுமாறிய விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. போகாதே என்று தடுப்பதற்கான எச்சரிக்கை அது. மலைப்பாதை வளைவில் வைக்கும் பலகை மாதிரி. போய்விட்டு அழுதுகொண்டு திரும்பி வருகிறவனைத் துரத்த எழுதியதல்ல. கிறிஸ்துவை மறுபடியும் சிலுவையில் அறைந்து, அவரை அவமானப்படுத்துகிற நிலையிலேயே நிற்கிறவர்களைப் பற்றித்தான் அங்கே பேச்சு. மூன்றே வசனம் தள்ளி, 9-ஆம் வசனத்தில், "பிரியமானவர்களே" என்று அழைத்து, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடம் உண்டென்று நம்புகிறோம் என்கிறார் எழுதியவர். பயந்துபோனவர்கள் பெரும்பாலும் 6-ஆம் வசனத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

அடுத்து, ஈசாக்கின் மூத்த மகன் ஏசாவைக் கொண்டுவருவார்கள். "கண்ணீர்விட்டுத் தேடியும் அவனுக்கு மனம் மாறுதல் கிடைக்கவில்லையே" என்பார்கள் (எபிரெயர் 12:17). ஆதியாகமம் 27-ஐத் திறந்து, ஏசா எதற்காக அழுதான் என்று பார்க்கச் சொல்வேன். தகப்பனிடம் ஆசீர்வாதம் கேட்டு அழுதான். பாவத்தை விட்டுத் திரும்பி தேவனிடம் வந்தவன் தள்ளப்பட்ட கதை அங்கே இல்லை.

மன்னிப்பே இல்லை என்று இயேசு சொன்ன, பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் பற்றிய பயத்துக்கும் இதே வழிதான். மாற்கு 3-இல், இயேசுவின் கிரியைகளைக் கண்ணெதிரே பார்த்தும் அது அசுத்த ஆவியின் வேலை என்று சாதித்த வேதபாரகர்களிடம் சொல்லப்பட்ட வார்த்தை அது. அப்படிச் சொன்னதற்குக் காரணம் 30-ஆம் வசனத்திலேயே இருக்கிறது.

பேதுரு மூன்றுதரம் மறுதலித்தான். கடைசித் தடவை சபித்து, சத்தியம்பண்ணி, "அந்த மனுஷனை அறியேன்" என்றான். அவன் விழுவதற்கு முன்பே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று இயேசு சொல்லியிருந்தார் (லூக்கா 22:32). அவனும் திரும்பி வந்தான்.

விசுவாசி உண்மையிலேயே இரட்சிப்பை இழந்துபோக முடியுமா என்பதில் சபைகளுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இருப்பது உண்மை. 1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய, கால்வின் வழிச் சபைகளின் டார்ட் சங்கம் (சபைத் தலைவர்களின் மாநாடு), தேவன் தெரிந்துகொண்டவர்களைக் கடைசிவரை காப்பார் என்றது. இரட்சிப்பை இழக்க முடியும், ஆனாலும் திரும்பலாம் என்பது வெஸ்லியின் வழி வந்த மெதடிஸ்டுகளின் நம்பிக்கை. ஞானஸ்நானத்துக்குப் பின் விழுந்தவர்களும் மனந்திரும்பும்போது மன்னிப்புப் பெறலாம் என்று லூத்தரன் சபையாரின் 1530-இன் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை சொல்கிறது. கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம் 1547-இல், விழுந்தவர்கள் பாவசங்கீர்த்தனத்தின் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதன்) மூலம் மறுபடியும் நீதிமான்களாக்கப்படலாம் என்று அறிவித்தது. விழுந்தவனின் பழைய நிலை என்ன என்பதில்தான் சண்டை. திரும்பி வருகிறவனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் இவர்கள் யாருக்கும் சண்டையில்லை. என் எதிரே உடைந்துபோய் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரிந்தால் போதும். மற்ற விவாதம் அவர் நன்றாகத் தூங்க ஆரம்பித்த பிறகு நடக்கட்டும்.

ஆதிச் சபை இந்தக் கேள்வியை ரத்தத்தின் நடுவே சந்தித்தது. கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும், அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய அந்தச் சான்றிதழ்கள் சில எகிப்தில் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்கள் பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் கூட்டமாகச் சபைக்குத் திரும்பினார்கள். இவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார் ரோமில் நோவாசியன் என்ற சபை மூப்பர். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரப் பேராயர் சிப்ரியனும் அவரோடு 251-இல் கூடிய சங்கமும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்து, தவக்காலம் (பாவத்துக்கு வருந்திக் காத்திருக்கும் காலம்) வைத்து, சேர்த்துக்கொள்ளும் வழியைத் தேடினார்கள். 325-இல் நிசேயா சங்கம் வற்புறுத்தல் இல்லாமலே மறுதலித்தவர்களுக்கு மொத்தம் 12 ஆண்டு தவக்காலம் விதித்தது. ஆனால் சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் திருவிருந்தை மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. 12 ஆண்டு என்பது எனக்கு மிகக் கடுமையாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அவர்கள்கூடக் கதவைச் சாத்தவில்லை.

இனி என் தொழில் சார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பயத்தோடு வருகிறவர்களில் சிலர் எதையும் மறுதலிக்கவே இல்லை. ஜெபிக்கும்போது தேவனைத் தூஷிக்கிற ஒரு வாக்கியம் தானாக மனதில் ஓடும். அவர்கள் விரும்பி நினைத்ததல்ல, அருவருத்து நடுங்குவார்கள். உடனே மன்னிப்புக் கேட்பார்கள். முழு மனதோடு கேட்டேனா என்று சந்தேகம் வரும். மறுபடியும் முதலிலிருந்து கேட்பார்கள். ஒரு இளைஞர் இரவில் பாவ அறிக்கை ஜெபத்தை ஆரம்பித்தால் முடிக்கவே முடியாது. நடுவில் ஒரு வார்த்தை இடறினாலும் திரும்ப முதல் வரி. விடிந்துவிடும்.

இது பின்மாற்றம் (விசுவாசத்தை விட்டு வழுவிப்போவது) அல்ல. எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓசிடி, பக்தி விஷயத்தில் வந்து உட்காருகிற விதம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் போதகர் ஜான் பன்யனுக்கும் இதைப் போன்ற வேதனை இருந்தது. "கிறிஸ்துவை விற்றுவிடு" என்ற எண்ணம் விடாமல் துரத்தியதையும், தான் ஏசாவைப் போல ஆகிவிட்டதாக நடுங்கியதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

சாதாரணக் குற்றவுணர்வுக்கு ஒரு முகவரி இருக்கும்: இன்னாருக்கு இன்னதைச் செய்தேன் என்று. அறிக்கையிட்டு, சரிசெய்தால் மனம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். நோயின் சந்தேகம் அடங்காது. ஒரு வசனத்தால் ஆறுதல் சொன்னால் கொஞ்ச நேரம் நிம்மதி. அப்புறம் அதே கேள்வி வேறு வேஷத்தில் வரும். அதனால் வீட்டாரும் போதகரும் ஒவ்வொரு முறையும் "உனக்கு இரட்சிப்பு உண்டு" என்று உறுதி சொல்லிக்கொண்டே போனால் நோய்க்குத்தான் தீனி. அன்போடு ஒருமுறை சொல்லுங்கள். மறுபடி கேட்டால், "இதைப் பற்றி ஏற்கனவே பேசிவிட்டோம், இது அந்த நோயின் கேள்வி" என்று மென்மையாக நிறுத்துங்கள். சந்தேகத்தைக் கிளறும் சூழலைப் படிப்படியாக எதிர்கொண்டு, திரும்பத் திரும்ப ஜெபித்துச் சரிபார்க்கும் பழக்கத்தைத் தவிர்க்கப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. மருந்துகளும் இருக்கின்றன. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உண்மையாகவே தவறு செய்து விழுந்தவர் விஷயம் வேறு. பணத்தை எடுத்திருந்தால் திருப்பித் தரவேண்டும். ஒருவரைக் காயப்படுத்தியிருந்தால் அந்த நபரின் பாதுகாப்புதான் முதலில். மன்னிப்பு கிடைத்துவிட்டது என்பதற்காக ஊழியப் பொறுப்பையும் உடனே திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவரைச் சமாதானமாகும்படி நெருக்குவது இன்னொரு கொடுமை. அதேசமயம் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதும் நினைவிருக்கட்டும்: தண்டனை போதும், அவன் "அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு" மன்னித்து ஆறுதல்செய்யுங்கள் என்றார்.

அந்தத் துக்கத்தில் அமிழ்ந்துபோகிறவர்கள் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன். "எனக்கு நரகம்தான், இனி இருந்து என்ன" என்று ஒருவர் சொன்னால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். உபவாச ஜெபம் முடியட்டும், ஞாயிறு வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போகிற வழியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள்.