விதியா, அளவுகோலா?

வளவுப் படியில் கால் பிசகி, காரைக்குடியில் எங்கள் பிசியோ அறைக்கு ஆச்சி ஒருவர் வந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது. "எக்ஸ்ரே எடுக்கணுமா தம்பி?" என்று கேட்டார்.

"அதுக்கு ஒரு விதி இருக்கு ஆச்சி, பார்த்துட்டுச் சொல்றேன்."

"என் விதியவா? அதுக்கு நான் ஜோசியர்கிட்டல்ல போயிருக்கணும்!"

சிரிப்போடு சிரிப்பாக, சொல்லில் உள்ள கோளாற்றைக் காட்டிவிட்டார். நான் சொல்ல வந்தது 'கிளினிக்கல் பிரெடிக்‌ஷன் ரூல்'. நோயாளியிடம் கேட்டும் தொட்டும் அறிந்த சில குறிகளைச் சேர்த்துப் பார்த்து, இன்ன கோளாறு இருக்கவோ இன்ன சிகிச்சை பலிக்கவோ எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் கருவி அது. அப்படியே பெயர்த்தால் 'மருத்துவ முன்கணிப்பு விதி'. 'மருத்துவ' என்பதில் தகராறு இல்லை. 'கிளினிக்' கிரேக்கத்தில் படுக்கையைக் குறிக்கும் 'கிளினே'யிலிருந்து வந்தது. படுக்கையருகே பார்க்கும் வைத்தியம். மற்ற இரண்டும்தான் இடறுகின்றன.

'பிரெடிக்‌ஷன்' லத்தீனில் முன்னே சொல்வது. ஆனால் நான் ஆச்சிக்குப் பார்த்த ஒட்டாவா கணுக்கால் விதியில் நாளைய சேதி எதுவும் கிடையாது. கனடாவில் இயன் ஸ்டீல் குழுவினர் 1992இல் வெளியிட்டது அது. கணுக்காலில் புடைத்துத் தெரியும் மொட்டுப் பக்கம் வலி இருந்து, இருபுற மொட்டு எலும்புகளின் நுனியிலோ, பின்விளிம்பின் கடைசி 6 செ.மீ.க்குள்ளோ அழுத்தினால் வலித்தால் எக்ஸ்ரே. அடிபட்டவுடனும் சரி, நம்மிடம் வந்தபோதும் சரி, நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே. நொண்டி நடந்தாலும் நடைதான். எலும்பு இப்போது முறிந்திருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. ஆச்சிக்கு எலும்பில் வலியில்லை, நடந்தும் காட்டினார், எக்ஸ்ரே தேவைப்படவில்லை.

ஆகவே 'முன்' வேண்டாம், 'கணிப்பு' போதும். எண்ணிப் பார்த்து அறிவதுதான் கணித்தல். காலத்தை அப்படி அறிந்து சொன்னவர் கணியன். கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டி, இங்கே திருப்பத்தூர்ப் பக்கம்தான் இருக்கிறது. ஆச்சி ஜோசியரை இழுத்ததிலும் நியாயம் உண்டு.

பெரிய இடறல் 'விதி'. சட்டமும் அதுதான், தலையெழுத்தும் அதுதான். இரண்டுமே மீற முடியாதவை. இந்தக் கருவியோ அவ்வளவு உறுதியானதல்ல. 2002இல் ஃபிளின் குழுவினர் இடுப்பு வலிக்கு ஒன்று வகுத்தார்கள்: வலி வந்து 16 நாளுக்குள் இருப்பது, முழங்காலுக்குக் கீழே வலி இறங்காதது என்று ஐந்து குறிகள். குறைந்தது நாலு பொருந்தினால், முதுகில் நெட்டி எடுப்பதுபோல் விசை கொடுக்கும் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு 45 சதவீதத்திலிருந்து 95க்கு ஏறியது. 2004இல் வேறு நோயாளிகளிடம் சோதித்தபோதும் நின்றது. 2008இல் ஆஸ்திரேலியாவில், பெரும்பாலும் மென்மையாக அசைத்துவிடும் முறையோடு சோதித்தபோது கைகொடுக்கவில்லை. சிகிச்சை மாறினால், ஆள் மாறினால், மறுபடி அளந்து பார்க்கத்தான் வேண்டும். வகுத்தபோது பார்த்த நோயாளிகளிடம் பலித்ததை மட்டும் வைத்து எல்லார் முதுகிலும் கைவைப்பது எனக்கு ஒப்பாது.

'ரூல்' என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் 'ரெகுலா'வுக்கு முதற்பொருள் நேரான கோல். கொத்தனார் கையில் இருக்கும் அதே கோல். 'கணிப்பு அளவுகோல்' என்றே சொல்லிவிடலாம். நீளம் என்பவர்களுக்குக் 'கணிப்புக்கோல்'. ஆச்சியின் சீட்டில் நான் அப்படித்தான் எழுதினேன்.