பனி நின்று வெயில் அடிக்கும் நாளில்தான் பயப்பட வேண்டும்

டிசம்பர் பிறந்தால் காட்பாடியில் ரயிலேறி கேதார்கந்தா, பிரம்மதால் என்று உத்தராகண்ட் பனிமலைகளுக்குக் கிளம்பும் பிள்ளைகள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறார்கள். ராணுவத்தில் இருந்தபோது பனிமலைகளில் வேலை பார்த்தவன், இப்போது இமயமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவன் என்பதால் பலர் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். ஷூ, ஜாக்கெட், மாத்திரை வரை கேட்பார்கள். மலைமேல் கிடக்கும் பனி மொத்தமாக அறுந்து இறங்கும் பனிச்சரிவைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம்.

ஏலகிரி சுவாமிமலையையும் ஜவ்வாது மலையையும் அசராமல் ஏறுகிறவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் கால் பலத்துக்கும் பனிச்சரிவுக்கும் சம்பந்தமே இல்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிக்குள் புதைந்த 10 ராணுவ வீரர்களில் நம் வேலூர் மாவட்டத்துக்காரரும் ஒருவர். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசிப் பக்கம் திரௌபதி கா தண்டா சிகரத்தில் 27 பேரின் உயிரைப் பறித்த சரிவில் சிக்கியது, மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு.

பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஒரு அடுக்கு. குளிர்காலத் தொடக்கத்தில் பனி மெல்லியதாக இருக்கும். அடியில் தரை சற்றே வெதுவெதுப்பு, மேலே கடுங்குளிர். அந்த வித்தியாசத்தில் அடிப்பனி ஒட்டாத மணிகளாக மாறி, சர்க்கரை போல உதிரும். பிறகு பெரும் பொழிவு வந்து, காற்றும் சேர்ந்து அதன்மேல் கெட்டியான பாளத்தை ஏற்றிவிடும். ஒரு ஆள் காலை வைத்தால் போதும், பாளம் மொத்தமும் அறுந்து இறங்கும். உயிர்பலி வாங்கிய சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிட்டவர்கள், சிக்கியவர்களோ கூட வந்தவர்களோதான்.

நம் ஊர்க்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். மழை விட்டு வெயில் அடித்தால் கிளம்பலாம் என்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். பனிமலையில் அது செல்லாது. இரண்டு நாள் கொட்டித் தீர்த்துவிட்டு, வானம் நீலமாகப் பளிச்சென்று விடியும் அந்தக் காலை மிக மோசமான வேளை. புதுப்பனி இன்னும் இறுகியிருக்காது, வெயில் வேறு அதை இளக்கும். அன்று முகாமிலேயே இருங்கள். லீவு தீர்கிறது, ரயில் டிக்கெட் போட்டாகிவிட்டது என்பதையெல்லாம் மலை பார்க்காது.

அப்புறம் சாய்வு. பாளமாக அறுந்து வருவது பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில். ட்ரெக்கிங் கம்பைச் சரிவின்மேல் படுக்கவைத்து, அதன்மேல் போனை வைத்தால் கோணம் காட்டும் ஆப்கள் இருக்கின்றன. சுவாமிமலை ஏறும்போதே இதைப் பழகிக்கொள்ளலாம். 35 டிகிரி என்றால் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பிடிபட வேண்டும். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருந்தாலும் தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு இருந்தால், அதுவும் ஆபத்தான இடம்தான்.

காலடியில் "வும்ஃப்" என்று அமுங்கும் சத்தம் கேட்டாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ, அக்கம்பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம் தெரிந்தாலோ விவாதமே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மணி தாண்டினால் பெரும்பாலும் மூச்சு முட்டியே போய்விடுவார்கள். சரிந்த பனி நின்றதும் இறுகிவிடும், விரலைக்கூட அசைக்க முடியாது. வெளியிலிருந்து மீட்புக்குழு வரும் வரை உயிர் தாங்காது; கூட நடப்பவர்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு ஒவ்வொருவர் உடம்பிலும் சிக்னல் அனுப்பும் பீக்கன், பையில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, உலோக ஷவல் மூன்றும் வேண்டும். கம்பி தட்டுப்பட்டதும் நேர்மேலே நின்று தோண்டாதீர்கள். உள்ளே இருப்பவரின் மூச்சுக்கு இருக்கும் கொஞ்ச இடமும் அமுங்கிவிடும். கம்பிக்குக் கீழ்ச்சரிவில் நின்று, பக்கவாட்டில் குடைந்து போங்கள்.

சண்டிகரில் உள்ள, மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் டி.ஜி.ஆர்.இ. ஆய்வு நிறுவனம் இமாச்சல், உத்தராகண்ட், காஷ்மீர், லடாக் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. ட்ரெக் நடத்துபவரிடம் முன்பணம் கட்டும் முன், அதைத் தினமும் பார்க்கிறாரா, பீக்கன் கொடுத்துப் பயிற்சியும் தருவாரா, எந்த நிலைமையில் பாதியில் திரும்புவார் என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சிரித்தால் பணத்தைக் கட்டாதீர்கள்.