பூஜ்ஜியத்தில் நின்றுவிட்ட வெப்பமானி

2003 ஜூலை. ஐரோப்பாவை வெயில் வறுத்தெடுத்த கோடை. சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லையில் 4,478 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மேட்டர்ஹார்ன் சிகரத்தில், பெரும்பாலோர் ஏறும் ஹோர்ன்லி முகட்டில் பாறை பெயர்ந்து விழுந்தது. மேலே மாட்டிக்கொண்ட மலையேறிகளை ஹெலிகாப்டர் வைத்து இறக்கினார்கள். பாறை பெயர்ந்த வடுவில் பனிக்கட்டி பளபளத்தது. மேலே பெய்து படிந்த பனி அல்ல அது. பாறையின் வெடிப்புகளுக்குள், வெளியே தெரியாமல் நெடுங்காலம் உறைந்து கிடந்த பனிக்கட்டி.

இப்படி உறைந்தே கிடக்கும் நிலத்தைத்தான் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள். இங்கே உறைநிலம் என்று வைத்துக்கொள்வோம். 'நிரந்தர உறைபனி' என்றும் எழுதுகிறார்கள். அந்த 'நிரந்தர' கொஞ்சம் உறுத்துகிறது. ஏனென்றால், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இருந்தாலே போதும், எந்த நிலமும் உறைநிலம்தான். அது மண்ணாக இருக்கலாம், கற்குவியலாக இருக்கலாம், முழுப் பாறையாகவும் இருக்கலாம். அதன் மேற்புறத்தில் ஒரு அடுக்கு மட்டும் கோடையில் இளகும், குளிரில் மறுபடி உறையும். பனியாறு சுருங்கினால் பழைய புகைப்படத்தை வைத்து ஒப்பிட்டுக் காட்டிவிடலாம். உறைநிலத்துக்கு அந்த வசதி இல்லை. துளை போட்டு, வெப்பமானிகளை உள்ளே இறக்கினால்தான் சேதி தெரியும்.

உறைநிலம் என்றதும் சைபீரியாவும் அலாஸ்காவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உலகின் உறைநிலப் பரப்பில் சுமார் 30 விழுக்காடு மலைப்பகுதிகளில் இருக்கிறது: ஆல்ப்ஸ், இமயம், திபெத் பீடபூமி, ஆண்டீஸ் என்று. வடதுருவச் சமவெளியில் முதல் கவலை, இளகும் மண்ணிலிருந்து வெளியேறும் கரிமம். செங்குத்தான மலையில் கவலையே வேறு. அங்கே பனிக்கட்டி ஒரு பசை. வெடித்த பாறைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

சரி, அந்தப் பசை எப்போது விடும்? உருகும்போது என்று தோன்றும். அதற்கு முன்பே விட்டுவிடும் என்பதுதான் இந்த விஷயத்தில் முக்கியமானது.

ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ்கட்டி விரலில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிடம் கழித்து அதே கட்டி வழுக்கும். கட்டி கட்டியாகவேதான் இருக்கிறது. மேற்பரப்பு மட்டும் மாறிவிட்டது. பாறை வெடிப்புக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் பனிக்கட்டிக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உறையாமல் இருக்கிறது. வெப்பம் ஏற ஏற அது தடிக்கும். பனிக்கட்டி நிரம்பிய வெடிப்புகளை ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தபோது, மைனஸ் 1.5 டிகிரியிலிருந்து பூஜ்ஜியம் வரையிலான அந்தச் சின்ன இடைவெளியில் பிடிப்பு வெகுவாகக் குறைவது தெரிந்தது. மைனஸ் 5-இல் கெட்டியாக நின்ற சுவர் மைனஸ் 1-இலும் அப்படியே நிற்கும் என்று நம்ப முடியாது.

இன்னொரு சிக்கல், பூஜ்ஜியத்தை நெருங்கியதும் வெப்பமானி நம்மை ஏமாற்றத் தொடங்கும். ஒரு கிலோ பனிக்கட்டியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 2 கிலோஜூல் போதும். பூஜ்ஜியத்தில் இருக்கும் அதே ஒரு கிலோவை உருக்கி நீராக்க 334 கிலோஜூல் வேண்டும். கிட்டத்தட்ட 160 மடங்கு. இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்தோம். ஆக, பனிக்கட்டி அதிகமுள்ள நிலம் பூஜ்ஜியத்தைத் தொட்டதும், உள்ளே எவ்வளவு வெப்பம் போனாலும் முள் அசையாது. வரைபடத்தில் கோடு ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடக்கும். நிலம் அமைதியாக இருப்பதாக நினைக்கிற அந்த நேரத்தில்தான் உள்ளே பசை கரைந்துகொண்டிருக்கிறது.

ஆல்ப்ஸ், ஸ்காண்டிநேவியா, ஐஸ்லாந்து, ஸ்பெயினின் சியரா நெவாடா, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் ஆகிய இடங்களின் 64 ஆழ்துளைகளிலிருந்து கிடைத்த அளவீடுகளும் இதையே சொல்கின்றன. 2013 முதல் 2022 வரையிலான பத்தாண்டில், 10 மீட்டர் ஆழத்தில், சில இடங்களில் ஒரு டிகிரிக்கும் மேல் வெப்பம் ஏறியிருக்கிறது. இப்படி வேகமாக ஏறியவை பெரும்பாலும் நல்ல குளிரில் இருக்கும், பனிக்கட்டி குறைந்த பாறைகள். பூஜ்ஜியத்தை ஒட்டி, பனிக்கட்டி நிறைந்த இடங்களில் ஏற்றம் சொற்பம். அந்தச் சொற்பத்தைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

வெப்பம் உள்ளே போவதும் ஒரே வழியில் அல்ல. பாறை வழியாகக் கடத்தப்பட்டால் ரொம்பவே மெதுவாகப் போகும். இந்தக் கோடையின் சூடு பத்து மீட்டர் ஆழத்தை எட்ட அரை ஆண்டு பிடிக்கும். அதற்குள் மேலே குளிர்காலம் வந்திருக்கும். நூறு மீட்டர் ஆழத்தில் கடந்த நூற்றாண்டின் குளிரே இன்னும் மிச்சமிருக்கலாம். ஆனால் வெடிப்பில் நீர் இறங்கினால் கதை வேறு. நீர் தன் வெப்பத்தையும் சுமந்துகொண்டு நேராக ஆழத்துக்குப் போய்விடும். கீழே உறைந்த அடைப்பு இருந்தால் அதற்கு மேல் தேங்கி, பாறையை உள்ளிருந்து நெட்டித் தள்ளும். மலைமுகட்டுக்குப் போதாத காலம், வெப்பம் இரண்டு பக்கத்திலிருந்தும் நுழையும். வடக்குச் சுவரில் உறைநிலம் இருக்கும், தெற்குச் சுவரில் இருக்காது. தெற்கின் சூடு குறுக்கே ஊடுருவி வடக்கை மெல்ல இளக்கும்.

இதனால்தான் மேலோட்டமான சின்னச் சின்னப் பாறைச் சரிவுகள் பெரும்பாலும் கடுங்கோடையில் நடக்கின்றன. ஆழத்திலிருந்து பெயரும் பெரியவை நாள் நட்சத்திரம் பார்ப்பதில்லை. உத்தராகண்டின் சமோலியில் 2021 பிப்ரவரி 7 அன்று, குளிர்காலத்தின் நடுவில், ரோந்தி சிகரத்திலிருந்து சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனிக்கட்டியும் பெயர்ந்து பள்ளத்தாக்கில் பாய்ந்தன. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாறை. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பெயர்ந்த சுவர் உறைநில மண்டலத்தில் இருந்தது உண்மை. அதற்காக 'புவி வெப்பமானதால் மலை விழுந்தது' என்று ஒரே வரியில் எழுதிவிடுவது எனக்குச் சம்மதமில்லை. பாறையின் அடுக்கமைப்பு, பழைய வெடிப்புகள், சரிவின் கோணம் எல்லாம் சேர்ந்துதான் மலையைத் தள்ளுகின்றன. விழ இருந்ததை வெப்பம் முன்கூட்டியே விழவைத்திருக்கலாம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரியில் தொடர்பு இன்னும் நேரடியானது. 2023 அக்டோபர் 3 இரவு, ஏரியை ஒட்டியிருந்த உறைந்த மண்கல் மேட்டிலிருந்து சுமார் 1.47 கோடி கன மீட்டர் சரிந்து நீரில் விழுந்தது. எழுந்த அலை 20 மீட்டர் உயரம். ஏரி உடைந்து, டீஸ்டா பள்ளத்தாக்கில் பாய்ந்த வெள்ளம் சுங்தாங்கில் இருந்த அணையையே அடித்துச் சென்றது. அந்த மேடு சில ஆண்டுகளாகவே நகர்ந்துகொண்டிருந்தது செயற்கைக்கோள் படங்களில் பதிவாகியிருக்கிறது.

எல்லா உறைநிலமும் இப்படித் தடாலடியாக நடந்துகொள்வதில்லை. பாறைப் பனியாறு என்று ஒன்று உண்டு: கற்குவியலும் பனிக்கட்டியும் கலந்து, ஊற்றிய குழம்பு போல மலைச்சரிவில் மெல்ல வழியும். ஆண்டுக்குச் சில பத்து சென்டிமீட்டரிலிருந்து சில மீட்டர் வரை நகரும். வெப்பம் கூடினால் வேகமும் கூடும். மேலே மூடியிருக்கும் கற்கள் போர்வையாக இருப்பதால், திறந்து கிடக்கும் பனியாற்றைவிட இது மெதுவாகத்தான் உருகும்.

பனிப்பொழிவின் விளையாட்டு இதைவிட வேடிக்கை. பனி குளிரூட்டும் என்றுதானே நினைப்போம்? இலையுதிர் காலத்திலேயே கனமாகப் பெய்துவிட்டால் அது கம்பளியாகி, நிலத்தின் கோடைச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். தாமதமாகப் பெய்தால் குளிர்காற்று நிலத்தை நன்றாக உறையவைக்கும். காற்று ஒரே அளவுக்குச் சூடான இரண்டு ஆண்டுகளில் நிலம் இரு வேறு விதமாக நடந்துகொள்வது இதனால்தான்.

கட்டுமானப் பொறியாளர்கள் இந்தத் தந்திரங்களைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துகிறார்கள். 2006-இல் திறக்கப்பட்ட சிங்ஹாய்–திபெத் ரயில்பாதையில் சுமார் 550 கிலோமீட்டர் உறைநிலத்தின் மேல் செல்கிறது. பாதையோரம் பல இடங்களில் அம்மோனியா அடைத்த இரும்புக் குழாய்களை நட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் அடியில் அம்மோனியா ஆவியாகி நிலத்தின் வெப்பத்தை மேலே கொண்டுவரும், குளிர்காற்றில் திரவமாகி மறுபடி கீழே வழியும். கோடையில் மேல்முனை சூடாகிவிடுவதால் சுழற்சி தானாக நின்றுவிடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. ஆனால் ரயில்பாதைக்குச் செய்ததை ஒரு முழு மலைச்சுவருக்குச் செய்ய முடியாது.

அங்கே கண்காணிக்க மட்டும்தான் முடியும், அதற்கும் வெப்பமானி போதாது. சுவிட்சர்லாந்தின் ஷில்ட்ஹார்ன் மலையில் 1999 முதல் நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கிறார்கள். பனிக்கட்டி மின்சாரத்தை எளிதில் விடாது, நீர் விடும். உள்ளே பனிக்கட்டி குறைந்து நீர் கூடினால் மின்தடை இறங்கும். ஷில்ட்ஹார்னில் உறைநிலத்தின் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது. மின்தடையோ ஆண்டுக்காண்டு இறங்கி வந்திருக்கிறது. தொடக்கத்தில் கோடையில் சுமார் 5 மீட்டர் ஆழம் வரை இளகிய நிலம், இருபது ஆண்டு கழித்து 10 மீட்டரையும் தாண்டி இளகியது. குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்தும், அந்த அடுக்கு இப்போதெல்லாம் அடிவரை உறைவதில்லை.