மூலைக்கு மூலை எத்தனை அடி?

மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டுகிற மச்சான், அஸ்திவாரத்துக்கு மூலை பிடிக்கும் நேரத்தில் ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பி, "இது உள்ளதுதானா மக்கா?" என்று கேட்டார். செங்கோண முக்கோணத்தின் நீளப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, குட்டைப் பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் வந்துவிடுமாம். வர்க்கமூலமே வேண்டாமாம். பிதாகரசை மிஞ்சிய கணக்கு என்று பெருமை வேறு.

3, 4 போட்டால் 5 வருகிறது. 5, 12 போட்டால் 13. சரி, 10 அடிக்கு 10 அடி அறை? 13.75 என்கிறது. உண்மையில் 14.14. நாலரை அங்குலத்துக்கு மேல் உதைக்கிறது. இதை நம்பி மூலை பிடித்தால் செங்கோணம் மூன்று பாகை கோணிவிடும்.

சதுர அறையின் கர்ணம் பக்கத்தைப்போல் √2 மடங்கு. முழு எண்களைக் கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுத்து √2-ஐ எட்டவே முடியாது. ஒன்பதாம் வகுப்பில் படித்த முறுடு (surd) அது, பின்னமாக எழுத முடியாத மூலம். √9 முறுடு அல்ல, அது வெறும் 3. விகிதமாக வாய்திறந்து சொல்ல முடியாத இந்த எண்களை அரபுக் கணிதர்கள் 'செவிடு' என்றார்கள்.

ஏன் முடியாது? பாடப்புத்தகத்தின் ஒற்றை-இரட்டை நிரூபணத்தைவிட எனக்குக் காகிதம்தான் பிடிக்கும். சதுரத் தாளை மூலைவிட்டத்தில் வெட்டி, ஒரு பாதியை எடுங்கள். அதன் பக்கமும் கர்ணமும் ஏதோ ஓர் அலகில் முழு எண்கள் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கர்ணத்தின் மேல் படியும்படி மடியுங்கள். மடிப்பு மூடாமல் ஓரத்தில் ஒரு குட்டி முக்கோணம் மிஞ்சும். அதுவும் அசல் போலவே அரைச் சதுரம்! அதன் பக்கம், பழைய கர்ணத்தில் பழைய பக்கத்தைக் கழித்தது. அதன் கர்ணம், பழைய பக்கத்தில் இந்தப் புதுப் பக்கத்தைக் கழித்தது. முழு எண்ணில் முழு எண்ணைக் கழித்தால் முழு எண்தானே? அப்போது குட்டியையும் மடிக்கலாம், அதன் குட்டியையும். முக்கோணம் தீராது, ஆனால் சிறுத்துக்கொண்டே போகும் முழு எண் 1-க்குக் கீழே எங்கே போகும்? ஆரம்பத்தில் வைத்துக்கொண்டதுதான் தப்பு.

இதையே பின்னோக்கி ஓட்டினால் இன்னும் அழகு. பக்கத்தையும் கர்ணத்தையும் கூட்டினால் அடுத்த பக்கம். அதோடு பழைய பக்கத்தை இன்னொரு தரம் கூட்டினால் அடுத்த கர்ணம். 1, 1-இல் தொடங்கினால் 2, 3. பிறகு 5, 7. அப்புறம் 12, 17. பன்னிரண்டின் வர்க்கம் இரண்டு தரம் 288, பதினேழின் வர்க்கம் 289. ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது! அதாவது 17/12 கிட்டத்தட்ட √2.

போதாயனர் பெயரில் வழங்கும் சுல்ப சூத்திரம், வேள்வி மேடை அளக்கும் பழைய வடமொழி நூல், √2-க்குத் தரும் மதிப்பு 577/408. ஐந்து தசம இடம் வரை சரி. பெருமைப்பட அது இருக்க, எட்டில் ஒரு பங்கைத் தள்ளுவானேன்?

மச்சானின் அறை 12-க்கு 12. 17 அடி பிடியுங்கள், அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூடும் என்றேன். கொத்தனார் காலையிலேயே 3-4-5 நூல் போட்டு மூலை பார்த்துவிட்டாராம்.