பாலத்துக்கு அந்தப் பக்கம் உரிமை, இந்தப் பக்கம் குற்றம்

அமெரிக்காவில் வக்கீலாக இருக்கும் என்னிடம் சில ஆண்டுகளுக்கு முன் வந்த வழக்கு இது. பென்சில்வேனியாக்காரர் ஒருவர் டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நியூஜெர்சிக்குள் வந்திருக்கிறார், இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறியதற்காகப் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. மனுஷன் நேர்மையானவர். பையில் துப்பாக்கி இருக்கிறது, அதை எடுத்துச் செல்ல என் மாநிலம் தந்த பெர்மிட் இதோ என்று தானாகவே எடுத்து நீட்டிவிட்டார். வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டும் நியூஜெர்சியில் செல்லாது. ஐந்து முதல் பத்து வருடம் வரை சிறை தரக்கூடிய குற்றம், அதிலும் துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கட்டாயச் சிறை விதிக்கும் அம்மாநில கிரேவ்ஸ் சட்டப்படி குறைந்தது 42 மாதம் பரோலே கிடையாது. மாதக்கணக்கில் அலைந்துதான் அவரை ஜெயிலுக்குப் போகாமல் காப்பாற்ற முடிந்தது.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. டிரைவிங் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்கிறது, 1791-லேயே அரசியலமைப்பில் ஏறிய ஆயுதம் வைத்திருக்கும் உரிமை மட்டும் ஒரு பாலத்தைத் தாண்டினால் செல்லாதா?

பெர்மிட் கேட்பதாலேயே உரிமை சலுகையாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. கொடுக்கிறவர் தனக்குத் தோன்றினால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் மறுக்கலாம் என்று சட்டம் விட்டுவைத்தால்தான் அப்படி ஆகிறது. 1956-ல் அலபாமாவில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டின்மேல் குண்டு வீசினார்கள், உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். அப்புறம் அவர் பெர்மிட் கேட்டு மனுப்போட்டார். மறுத்துவிட்டார்கள். அவரைவிட வலுவான காரணம் யாரிடம் இருந்திருக்கும்?

நியூயார்க்கிலும் வெகுகாலம் இதே கதைதான், 'தகுந்த காரணம்' காட்டினால்தான் வெளியே எடுத்துச் செல்ல பெர்மிட். 2022 ஜூனில் ப்ரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அந்த விதியை ரத்து செய்தது. ஆனால் பெர்மிட் முறையையே ஒழிக்கவில்லை, பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். காத்திருப்பும் கட்டணமும் அளவு மீறினால் வழக்குப் போடலாம் என்று ஓர் அடிக்குறிப்பில் கதவைத் திறந்து வைத்ததோடு சரி.

உடனே மாநிலங்கள் வேறு பூட்டுப் போட்டன. நியூயார்க்கில் 18 மணி நேரப் பயிற்சி, டைம்ஸ் சதுக்கம் உட்படப் பல இடங்களில் தடை. நியூஜெர்சியில் கட்டணம் 200 டாலர், செல்லுபடியாவது இரண்டே வருடம், உறவினரல்லாத நான்கு பேர் நற்சான்று தர வேண்டும். பயிற்சியை நான் எதிர்க்க மாட்டேன், தெரியாத்தனத்தால் வந்த வழக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பணம்தான் உறுத்துகிறது. குடோனில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு 200 டாலர் சின்னத் தொகையா? இன்னொரு பக்கம், 29 மாநிலங்களில் பெர்மிட்டே வேண்டாம் என்றாகிவிட்டது, அதுவும் எனக்கு ஒப்பவில்லை.

கடைசியாக, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு. எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் கூட்டாட்சிக் குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. ஷூட்டிங் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைப் பிடித்து போட்டோ போடும் தம்பிகளே, அதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். கிரீன் கார்டு இருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் துப்பாக்கி வழக்கில் தண்டனை விழுந்தால் நாடு கடத்தவும் அது போதும். என் கட்சிக்காரர் அமெரிக்கக் குடிமகன், அந்தப் பயமாவது அவருக்கு இல்லை.