புகையானுக்கு வாய்த்த இரவுகள்

பச்சை நெல் வயலின் நடுவே வட்டமாக ஒரு திட்டு மட்டும் தீய்ந்து கிடக்கும். தண்ணீருக்குக் குறைவிருக்காது. அந்தத் திட்டின் ஓரத்தில் நிற்கும் ஒரு தூரை விலக்கி, நீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். அரிசி மணியைவிடச் சிறிய பழுப்புப் பூச்சிகள் தண்டோடு அப்பியிருக்கும். தட்டினால் தண்ணீரில் விழுந்து துள்ளும். இதுதான் புகையான். பயிரைப் புகை அடித்ததுபோல் ஆக்கிவிடுவதால் வந்த பெயர்.

பூச்சிக்கென்று தனி உடல் சூடு கிடையாது. இருக்கும் இடத்தின் வெப்பமே அதன் உடம்பின் வெப்பம். புகையானுக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் மிகவும் ஒத்துப்போகும். தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறைக்குள் செருகிய முட்டை ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்துவிடும். குஞ்சு ஐந்து முறை தோலுரித்து, இரண்டு வாரம் போல வளர்ந்து முட்டையிடத் தயாராகும். குளிர்ச்சியில் இந்தக் கணக்கு இழுத்துக்கொண்டே போகும். ஒரு தலைமுறைக்குச் சில நாள் மிச்சமானாலும் போதும், ஒரே போகத்துக்குள் இன்னொரு தலைமுறைக்கு இடம் கிடைத்துவிடும்.

அப்படியானால் வெயில் ஏற ஏறப் பூச்சியும் பெருகிக்கொண்டே போகுமா? இல்லை. புகையான் குடிப்பது சர்க்கரை மிகுந்த, சத்துக் குறைந்த சாறு. அதில் இல்லாத சத்துகளை அதன் உடலுக்குள் வாழும், ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர்கள் செய்து கொடுக்கின்றன. தாயிடமிருந்து முட்டை வழியாகவே அவை பிள்ளைக்குப் போகும். 35 டிகிரி வெப்பம் மூன்று நாள் நீடித்தாலே இந்த நுண்ணுயிர்கள் குறைந்துபோகும், பூச்சியும் தளர்ந்துவிடும்.

ஆனால் உச்சி வெயில் அடித்தூருக்கு முழுதாக இறங்குவதில்லை. மேலே இலைக்கூரை, கீழே தண்ணீர். நடுவில் குளுமையான நிழலில் பூச்சி உட்கார்ந்திருக்கிறது. அதன் வேகத்தைக் குறைத்துவந்தது இரவுக் குளிர். அதுதான் இப்போது கைவிட்டுப் போகிறது என்பதே என் பெரிய கவலை. பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பதிவுகளில், 1979 முதல் 2003 வரை பகல் உச்ச வெப்பத்தின் ஆண்டுச் சராசரி 0.35 டிகிரி மட்டுமே கூடியது. இரவின் வெப்பமோ 1.13 டிகிரி கூடியிருந்தது.

காற்றில் கூடும் கரியமில வாயுவும் இதோடு சேர்கிறது. பயிர் கூடுதலாகத் தூர் கட்டுகிறது. அடியில் நிழலும் ஈரமும் அடர்கின்றன. டெல்லியில், இந்த வாயுவைக் கூட்டி நெல் வளர்த்த சோதனைகளில் புகையான் அதிகமாகப் பெருகியது.

திட்டு தென்பட்டதும் கை மருந்துத் தெளிப்பானைத்தான் தேடும். சிந்தடிக் பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்தால், புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் பூச்சியும் முதலில் சாகின்றன. இலையுறைக்குள் இருக்கும் முட்டைகள் பிழைத்துக்கொள்கின்றன. இந்தோனேசியா இதை அனுபவித்து உணர்ந்துதான் 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

நம் வேளாண் துறையினர் நடவின்போதே 8 அடிக்கு ஓர் அடி நடாமல் இடைவெளி, அதாவது பட்டம், விடச் சொல்வது இந்த அடித்தூரை மனத்தில் வைத்துத்தான். அந்த இடைவெளி வழியாக வெயிலும் காற்றும் பூச்சி ஒளிந்திருக்கும் இடம்வரை போகும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை நாமும் இறங்கித் தூரை விலக்கிப் பார்க்க முடியும்.